இருபத்தொன்பதாம் தேதி பாட்டில்

"சம்சாரம் போய் ஆறு நாள் ஆறது. நீங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடலைன்னு உங்காத்து வேலைக்காரி சொல்றா. நிஜமா?" என்று கேட்டுவிட்டு, கோமளம் மாமி அந்த வேலைக்காரி கொண்டுவந்து வைத்த காபியையே ஒரு வாய் உறிஞ்சினாள்.

கட்டிலில் கிடந்த ஜவஹர் மாமியை வெறித்துப் பார்த்தார். இடது காலில் தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. நெற்றியில் ஏழு தையல். தி.நகரில் இரண்டு மாடி ஜவுளிக்கடை நடத்துகிற மனிதர், தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கல்லாவில் உட்காராமல் கட்டிலில் கிடப்பது இதுதான் முதல் தடவையாக இருக்கும். எதிர்ச்சுவரில் அவர் மனைவி ஸ்வர்ணலதாவின் படம் மாலையோடு தொங்கியது. என்னால் படத்தையும் பார்க்க முடியவில்லை, அவரையும் பார்க்க முடியவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் வெள்ளைத்துரை. பெயரைப் போனில் கேட்டுவிட்டு நேரில் பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். கோமளம் மாமியின் துப்பறியும் நிறுவனத்தில் நான் உதவியாளன், ஸ்கூட்டர் ஓட்டுநர், வசவு வாங்கும் பிரிவின் ஒரே ஊழியன். மாமி முப்பத்தோரு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து சர்வேயராக இருந்தவள். நசுங்கின கார்களைப் பார்த்துப் பார்த்து, மனுஷர்களையும் அதே கண்ணால் பார்க்கப் பழகிவிட்டாள். எங்கே அடி, யார் மேல் தப்பு, என்ன தேறும், அவ்வளவுதான். அழுகிறவர்களுக்கு அவளிடம் கைக்குட்டை கிடைக்காது, அடுத்த கேள்விதான் கிடைக்கும்.

வழக்கு இதுதான். போன வாரம் விஜயதசமி அன்று, மேற்கு மாம்பலம் மெக்கானிக் டில்லிபாபுவின் ஷெட்டில் ஜவஹர் தன் காரை விட்டு, பழைய பிரேக் ஆயிலை எடுத்துவிட்டுப் புதிது மாற்றிக்கொண்டார். சனிக்கிழமை மனைவியோடு ஏற்காடு போனார். ஞாயிறு சாயங்காலம் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் மிதி தரை வரை போய்விட்டது. கார் தடுப்புச்சுவரை உடைத்துக்கொண்டு போனது. ஸ்வர்ணலதா அங்கேயே முடிந்தாள்.

சேலத்திலிருந்து போலீஸ் வந்து டில்லிபாபுவை அள்ளிக்கொண்டு போனது. அவனோ, யாரும் கேட்பதற்கு முன்பே, "கெட்டுப்போன ஆயில் என்று தெரிந்தேதான் ஊற்றினேன்" என்று சொல்லிவிட்டான். அந்தப் பாட்டில் எங்கே என்றால் குப்பையில் போட்டுவிட்டானாம். கவனக்குறைவு என்றால் தண்டனை சின்னது. தெரிந்தே செய்தான் என்றால் பத்து வருஷம் வரை இழுத்துவிடும். திங்கட்கிழமை காலை அதையே மாஜிஸ்ட்ரேட் முன்னால் சொல்லப்போகிறான். சொல்லிவிட்டால் அப்புறம் அவனை மீட்பது குதிரைக்கொம்பு.

அவன் மனைவி பொன்மணி எங்களிடம் வந்தது நேற்று. அவள் புருஷன் அப்படிச் செய்கிற ஆளே இல்லையாம். யாரோ செய்த தப்பைத் தலையில் கட்டிக்கொண்டிருக்கிறானாம். அது யார் என்று கண்டுபிடித்து, அவனை வெளியே கொண்டுவர வேண்டுமாம். இரண்டு தடவை சேலம் போய்க் காத்துக்கிடந்தும், டில்லிபாபு அவளைப் பார்க்கவே முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டான். இன்று சனிக்கிழமை. எங்கள் கையில் இருந்த ஒரே நூல், அந்த ஆயில்.

"அவன் ஜெயில்லயே கெடந்து சாவணும்" என்றார் ஜவஹர். "அதுக்கு மேல பேச என்கிட்ட ஒண்ணும் இல்ல."

மாமி அதைக் காதில் வாங்காமல், வண்டி எப்படி இறங்கியது என்று ஒவ்வொரு வளைவாகக் கேட்டாள். முதல் சில வளைவுகளில் பிரேக் சரியாகத்தான் இருந்ததாம். அப்புறம் மிதி கொஞ்சம் கொஞ்சமாக மெத்தென்று ஆனதாம். பிறகு சேற்றில் கால் வைத்தது மாதிரி உள்ளே போய்விட்டதாம். சொல்லும்போது அவர் கை போர்வையைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது.

"எந்த கியர்ல இறங்கினேள்?"

"கியர் எதுக்கு? நியூட்ரல்தான். இறக்கத்துல வண்டி தானா உருளுது. பெட்ரோலை எதுக்குக் கொளுத்தணும்?"

மாமி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கியர்ல இறங்கினா இன்ஜினே வண்டியைப் பாதி பிடிச்சு நிறுத்தும். நீங்க அத்தனை வளைவும் பிரேக்கை மட்டுமே மிதிச்சுண்டு வந்தேள். அது அடுப்பு மாதிரி காஞ்சுது. ஆயிலைக் கெடுத்தவன்னு ஒருத்தன் உள்ள இருக்கான். அதைக் கொதிக்க வெச்சது யாருன்னு நீங்க படுத்துண்டே யோசிங்கோ. கியர்ல இறங்கியிருந்தா உங்காத்துக்காரி இந்நேரம் உங்களுக்குக் காபி போட்டுண்டு இருப்பா."

ஜவஹரின் வாய் திறந்தது. ஆறு நாள் அழாத மனிதர், தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதார். கதவோரம் நின்ற வேலைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாங்கள் சொல்லிக்கொள்ளாமலே வெளியே வந்தோம்.

ஸ்கூட்டரைக் கிளப்பினேன். மாமி பின்னால் ஏறிக்கொண்டாள். ரங்கநாதன் தெருப் பக்கமிருந்து தீபாவளிக் கூட்டம் கட்டைப்பைகளோடு வழிந்துகொண்டிருந்தது. துரைசாமி சுரங்கப்பாதையில் முழங்கால் அளவு இல்லாவிட்டாலும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர்.

"அந்த மனுஷன்கிட்ட இவ்வளவு தூரம் சொல்லியிருக்க வேண்டாம் மாமி" என்றேன். "கால்தான் உடைஞ்சிருந்தது. பாக்கியையும் நீங்க உடைச்சிட்டீங்க."

"நான் டாக்டர் இல்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டு" என்றாள் மாமி.

மேற்கு மாம்பலத்தில் சேட்டு என்பவர் வைத்திருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனோம். டில்லிபாபு ஆயில் வாங்குவது அங்கேதான். பெயர் சேட்டு என்றாலும் ஆள் மாம்பலத்திலேயே பிறந்து, மாம்பலத்துக் கொசுவுக்கே இரத்தம் கொடுத்து வளர்ந்தவர். மாமியின் சந்தேகம், சேட்டு போலி ஆயிலை சீல் வைத்து விற்றிருக்கலாம் என்பது. டில்லிபாபு சேட்டுக்காகப் பழியை ஏற்கிறானோ என்னவோ.

"எங்கிட்ட டூப்ளிகேட்டு கீதுன்னு எவன் சொன்னான்?" என்று சேட்டு சண்டைக்கு வந்தார்.

மாமி சண்டை போடவில்லை. புதிதாக ஒரு அரை லிட்டர் பாட்டிலை வாங்கி, பக்கத்து டீக்கடைக்கு நடந்தாள். கைப்பையிலிருந்து ஒரு மருந்துக் குப்பியை எடுத்தாள். நசுங்கின காரில் மிச்சமிருந்த பிரேக் ஆயில் அதில் கொஞ்சம் இருந்தது. மாமியிடம் தொழில் கற்றுக்கொண்ட சேலம் சர்வேயர் ஒருவர் நேற்று பஸ்ஸில் கொடுத்தனுப்பியது. டீக்கடைக்காரரிடம் இரண்டு பழைய கரண்டிகளைக் கேட்டு வாங்கி அடுப்பில் காட்டச் சொன்னாள். இனி அந்தக் கரண்டிகளை டீக்குப் போடக் கூடாது என்று அவரை மிரட்டவும் செய்தாள்.

முதல் கரண்டியில் சேட்டின் ஆயில். சத்தமில்லாமல் கிடந்தது, கொஞ்சம் பொறுத்து லேசாகப் புகைந்தது. இரண்டாவது கரண்டியில் குப்பி ஆயில். விட்ட மாத்திரத்தில் பட்பட்டென்று வெடித்து என் சட்டையில் தெறித்தது.

"கடுகு தாளிக்கிற சத்தம்" என்றேன், சட்டையைத் துடைத்துக்கொண்டே.

"தண்ணி" என்றாள் மாமி. "பிரேக் சூடாறச்சே உள்ள இருக்கற தண்ணி ஆவியாயிடும். ஆவியை மிதிச்சா அமுங்கிண்டே போகும், சக்கரத்தைப் பிடிக்காது. மெட்ராஸ்ல மலை ஏது? இங்க ஓட்டினவரைக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. மலையில இறங்கினாத்தான் எமன்."

தன் சரக்கு ஜெயித்த சந்தோஷத்தில் சேட்டு கரைந்துவிட்டார். டில்லிபாபுவின் கிறுக்குத்தனங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டார். அவன் பெரிய டின் வாங்கவே மாட்டானாம், அரை லிட்டர் சீல் பாட்டில்தானாம். திறந்து வைத்தால் பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிடும் என்பானாம். சீல் உடைத்த தேதியைப் பாட்டில் மேல் மார்க்கரில் பெரிதாக எழுதுவானாம். ஏழு நாள் தாண்டினால் மிச்சம் மீதியை வண்டிக்கு ஊற்றாமல் ஒதுக்கிவிடுவானாம்.

"அப்படிப்பட்டவனா தெரிஞ்சே கெட்டதை ஊத்துவான்?" என்று மாமி தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு சேட்டைப் பார்த்தாள். "கடைசியா எப்ப வாங்கினான்?"

அது சேட்டுக்கு நன்றாக ஞாபகமிருந்தது. இருபத்தொன்பதாம் தேதி, ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால், ஒரு கால் டாக்ஸிக்கு அவசரமாக ஆயில் மாற்ற வேண்டும் என்று ஓடிவந்து ஒரே ஒரு பாட்டில் வாங்கினான். கடையில் இருந்தது அதுவும் கடைசிப் பாட்டில்தான். பூஜையெல்லாம் முடிந்து மூன்றாம் தேதி, புதுச் சரக்கு வந்த பிறகுதான் அடுத்தது வாங்கினான்.

மாமி என் பக்கம் திரும்பினாள். "ஒரு காருக்கு ஆயில் மாத்த எவ்வளவு பிடிக்கும்?"

"சுத்தமா மாத்தினா அரை லிட்டர் பாட்டில்ல முக்கால்வாசி போயிடும்."

"இருபத்தொன்பதாம் தேதி டாக்ஸிக்கு முக்கால்வாசி போச்சு. ரெண்டாம் தேதி விஜயதசமி. ஜவஹர் காருக்கு எதுலேர்ந்து ஊத்தினான்?"

"அட்சய பாத்திரம் வாங்கி வெச்சிருந்தானோ என்னவோ" என்றேன்.

மாமி சிரிக்கவில்லை. ஒரே பாட்டில் இரண்டு காருக்குப் போதாது. ஆனால் போதுமானதாக இருந்திருக்கிறது. அதைத்தான் அவள் வாய்க்குள் போட்டு மென்றுகொண்டே ஸ்கூட்டரில் ஏறினாள்.

டில்லிபாபுவின் ஷெட் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் இருந்தது. யாரோ ஷட்டரில் சிவப்பு பெயின்டால் "கொலைகாரன்" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். பொன்மணி மண்ணெண்ணெய்த் துணியால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு எழுத்து போயிருந்தது. எங்களைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள், ஏதோ அவளே எழுதினது மாதிரி.

முப்பது வயசு இருக்கும். ஆற்றங்கரையில் பிறந்து, குடிசைகளை எடுத்தபோது பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பம். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி மாம்பலம் வந்து புருஷனுக்குக் கூடமாட வேலை செய்கிறவள். ஷெட்டைப் பார்த்தாலே தெரிந்தது. ஸ்பானர்கள் அளவு வாரியாகத் தொங்கின. தரையில் ஒரு சொட்டுக் கிரீஸ் இல்லை. ஆஸ்பத்திரியில் கூட இவ்வளவு சுத்தத்தை நான் பார்த்ததில்லை.

விஜயதசமி அன்று இங்கே வேறு யாராவது வந்தார்களா, ஆயில் பாட்டிலை யாராவது தொட்டார்களா என்று மாமி கேட்டாள். வேற்று ஆள் யாரும் உள்ளே வரவில்லை என்றாள் பொன்மணி. அன்று காலையிலிருந்து நாற்பது வண்டிக்கு மேல் வரிசையில் நின்றதாம். அவனுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லையாம்.

"பூஜை அன்னிக்கு போட்டோ எதாவது எடுத்தியா?"

பொன்மணியின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. போனைத் துடைத்துக் கொடுத்தாள். ஆயுத பூஜைப் படம். எல்லாக் கருவிக்கும் சந்தனம், குங்குமம். கம்ப்ரசருக்குக் கூட ஒரு முழம் கதம்பம். நடுவில் டில்லிபாபு புதுச் சட்டையில், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. பின்னால் அலமாரி முழுக்க சீரியல் பல்பு. அந்த வெளிச்சத்தில் அலமாரியில் இருந்த வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று உள்ளே விளக்கு வைத்தது போலத் தெரிந்தது. அதன் மேல் மார்க்கரில் பெரிதாக 29 என்று எழுதியிருந்தது.

மாமி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி என்னிடம் நீட்டினாள். "இந்தப் பாட்டில்ல ஆயில் எதுவரைக்கும் இருக்கு?"

பார்த்தேன். கழுத்து வரை இருந்தது.

முக்கால்வாசி காலியாக இருக்க வேண்டிய பாட்டில். திறந்த பாட்டிலில் ஆயில் குறையத்தான் செய்யும். இது இரண்டு நாளில் ஏறியிருக்கிறது.

"பூஜைக்கு முன்னாடி ஷெட்டை யாரும்மா சுத்தம் பண்ணினா?" என்று மாமி கேட்டாள். குரலில் அவ்வளவு இனிப்பு. அந்த இனிப்பு எனக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் இந்தக் குரலில் கேட்டுத்தான் பொய் கிளெய்ம்களைப் பிடித்தாள்.

"மாமி, மழை வர்ற மாதிரி இருக்கு. அப்புறம் வந்து கேக்கலாம்" என்றேன்.

"நீ சும்மா இரு, துரை."

பொன்மணி சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ஆறு நாளாக அழுகையைத் தவிர வேறு எதுவும் பேச வாய்ப்பில்லாத பெண், தன் வேலையைப் பற்றி ஒருத்தி கேட்டதும் சந்தோஷமாகச் சொன்னாள். முப்பதாம் தேதி டில்லிபாபு பல்லாவரத்துக்கு ஒரு வண்டியை எடுத்துவரப் போயிருந்தானாம். அன்று முழுக்க இவள் ஒருத்தியே கழுவித் துடைத்தாளாம்.

"பெஞ்சுக்கு அடியில ஒரு பொட்டில ஏழெட்டு பாட்டில் கெடந்திச்சி மாமி, அல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் ஆயிலு. பூஜைக்கு எத்தையும் கொறையா வெக்கக் கூடாதுல்ல? வூட்ல அரிசி டப்பா, உப்பு ஜாடி அல்லாம் ரொப்பி வெச்சிட்டுத்தான் வெளக்கு ஏத்துவேன். இங்கயும் அப்டித்தான். மேல கீற பாட்டில் காலியா கெடந்திச்சி. அல்லாத்தையும் டீ வடிகட்டில வடிகட்டி அதுல ரொப்புனேன். தூசி தும்பு ஒண்ணு போவல."

"அடியில ஒட்டிண்டு இருந்ததை என்ன பண்ணினே?"

"ஷாம்பு பாட்டில்ல கொஞ்சம் தண்ணி வுட்டு குலுக்கி ஊத்துவோமே, அந்த மாதிரி. மொதல்ல பயந்தேன், ஆயில்ல தண்ணி சேராதேன்னு. நல்லெண்ணெய்னா தனியா பிரிஞ்சி நிக்கும்ல? இது நிக்கல மாமி. கலந்துக்கினு கண்ணாடி மாதிரி ஆயிடிச்சி. அப்போ இது தண்ணி சேக்கற ஆயிலுதான் போலன்னு ஊத்திட்டேன். ஒரு சொட்டு வீணாக்கல."

சிரித்தாள். நாங்கள் சிரிக்காததைப் பார்த்தாள். மாமியின் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மாமியின் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சேட்டு மேல் போட்டிருக்கலாம், டாக்ஸிக்காரன் மேல் போட்டிருக்கலாம். மாமி எதையும் போடவில்லை. உட்காரக்கூடச் சொல்லாமல், நிற்க வைத்தே சொன்னாள்.

"பெட்டியில இருந்தது எல்லாம் நாள் தாண்டிக் கெட்டுப்போனதுன்னு உம் புருஷன் ஒதுக்கி வெச்சது. அதுல நீ தண்ணியும் விட்டு, நல்ல பாட்டில்ல நிரப்பிட்டே. விஜயதசமி அன்னிக்கு அவன் தேதியைப் பார்த்தான், நாலு நாள்தான் ஆச்சுன்னு எடுத்து ஊத்தினான். அளவைப் பார்க்க நேரமில்லை. விபத்துன்னு கேள்விப்பட்டப்பறம்தான் பாட்டில் நிறைஞ்சிருந்தது அவனுக்கு உறைச்சிருக்கு. யார் நிரப்பினான்னு யோசிக்க அவனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பாட்டிலைத் தூக்கிப் போட்டான். எல்லாம் நான்தான்னு சொல்லிட்டான். உன்னைப் பார்த்தா உளறிடுவோம்னு பயந்து, பார்க்கவும் மாட்டேங்கறான்."

பொன்மணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் சாவடிச்சிட்டனா மாமி?"

"நீ நிரப்பினே. அவன் பார்க்காம ஊத்தினான். அந்த ஜவுளிக்கடைக்காரர் மலையில நியூட்ரல்ல இறங்கினார். மூணு பேருமா சேர்ந்துதான்."

அந்த நிமிஷம் எனக்கு மாமியை அறவே பிடிக்கவில்லை. சம்பளத்துக்காகவும் சரி, வேறு எதற்காகவும் சரி, இவள் கூட இருக்கக் கூடாது என்று தோன்றியது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து பொன்மணியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

தரையைப் பார்த்தபடி, இதை வெளியே சொல்லாமல் விட்டுவிடுங்கள் என்றாள். ஒன்பது வயதில் ஒரு பெண் இருக்கிறது, தானும் உள்ளே போய்விட்டால் அது யார் வீட்டில் நிற்கும் என்று கேட்டாள். அவர்தான் ஒத்துக்கொண்டாரே என்று ஒரு தடவை சொன்னாள். சொன்னதும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

மாமி அதற்கும் இரங்கவில்லை. "சொல்லாம விட்டா, தெரிஞ்சே கொன்னவன்னு அவன் பத்து வருஷம் போவான். சொன்னா ரெண்டு பேர் பண்ணினதும் தெரியாம பண்ணின தப்பு. அவன் வெளில வருவான். உனக்கும் பெரிசா ஒண்ணும் ஆகாது. யாருன்னு கண்டுபிடிச்சு அவனை வெளில கொண்டு வாங்கோன்னு எங்கிட்ட வந்தே. யாருன்னு கண்டுபிடிச்சாச்சு. பாக்கி உன் கையில."

சொல்லிவிட்டு சேலத்தில் டில்லிபாபுவுக்காக ஆஜராகும் வக்கீல் பீர் முஹம்மதுவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, பொன்மணியின் மடியில் வைத்தாள். "நீயே சொல்லு."

பொன்மணி சொன்னாள். நிறுத்தி நிறுத்தி, டீ வடிகட்டி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். வக்கீல் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் பெருமூச்சு விட்டார்.

"இதை அவர் எதிர்பார்த்துட்டார்ம்மா" என்றார். "நேத்தே என்கிட்ட சொல்லி வெச்சிருக்கார். என் பொண்டாட்டி வந்து நான்தான் பண்ணினேன்னு சொன்னா, ஜவஹரோட எனக்கு முன்விரோதம், கொல்றதுக்குன்னே திட்டம் போட்டுத்தான் ஊத்தினேன்னு ஜட்ஜ்கிட்ட சொல்லிடுவேன்னார். இப்போ பத்து வருஷம். நீங்க வாயைத் திறந்தா அது கொலைக் கேஸா ஆயிடும்."

மாமியைப் பார்த்தேன். எத்தனையோ வழக்கு பார்த்தவள், போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கணக்கு அவளுக்கும் வரவில்லை. பெண்டாட்டியைக் காப்பாற்ற ஒருத்தன் அவள் வாயையே பூட்டி, சாவியைத் தன் கழுத்தில் சுருக்காக மாட்டிக்கொண்டிருக்கிறான். அவள் உண்மையைச் சொன்னால் அவனுக்குத் தூக்கு, சொல்லாவிட்டால் ஜெயில்.

பொன்மணி இப்போது அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் வந்தது.

"என்னிய கேட்டாரா சார்? எனக்கோசரம் உள்ள போறேன்னு என்னிய ஒரு வார்த்த கேட்டாரா? பொறவு எம் பொண்ணாண்ட நான் இன்னா சொல்லிக்கினு வாழுவேன்? உங்கப்பன் எனக்கு பதிலா உள்ள கீறான்னா?"

வக்கீல் மெதுவாக, திங்கட்கிழமைக்குள் யோசித்து முடிவெடுங்கள், அவசரப்பட்டால் அவர் சொன்னதைச் செய்துவிடுவார் என்றார்.

"செய்யட்டும்" என்றாள் பொன்மணி. "நான் அவரு எதுர்க்க வந்து நிக்கறேன். பதினோரு வருசத்துல அந்தாளு என் மூஞ்சிய பாத்து ஒரு பொய்யி சொன்னதில்ல. அதுக்குத்தான் என்னிய பாக்க மாட்டேங்கறாரு. கொல்லத்தான் ஊத்துனேன்னு என் கண்ண பாத்து சொல்லிடட்டும், பாத்துடறேன்."

போனை அவளே அணைத்தாள். எழுந்து புடவையைத் தட்டினாள். அவள் சொன்னது நடக்குமா, அவளைப் பார்த்ததும் அவன் உடைவானா, இல்லை வீம்புக்கு அந்தப் பொய்யையும் சொல்லித் தொலைப்பானா என்று எனக்குத் தெரியவில்லை. மாமிக்கும் தெரியவில்லை என்பது அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடியதில் தெரிந்தது. நாளை மத்தியானம் நாங்களும் சேலம் வருகிறோம் என்றாள். கூப்பிடாத இடத்துக்கு மாமி தானாக வருகிறேன் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

பொன்மணி தலையாட்டினாள். ஷட்டரை இழுக்கப் போனவள், பாதியில் நின்று திரும்பினாள்.

"மாமி, அந்த அம்மா பேரு இன்னா?"

"எந்த அம்மா?"

"செத்துப்போனாங்களே. ஜட்ஜு ஐயா கேட்டா, யாரோ ஒரு பொம்பளைன்னு சொல்லிக்கினு நிக்கக் கூடாதுல்ல."

நேற்றிலிருந்து அவள் புருஷனைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஆயிலைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம். காலையில் அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்து காபி குடித்த மாமிக்கு, அந்தப் பெயரைச் சொல்ல இவ்வளவு நேரம் எடுத்ததைப் பார்த்தபோது, அவள் மேல் இருந்த என் கோபம் கொஞ்சம் இறங்கியது.

"ஸ்வர்ணலதா."

பொன்மணிக்கு அது வாயில் நுழையவில்லை. மாமி மறுபடி சொன்னாள், துண்டு துண்டாக. பொன்மணி பாடம் படிக்கிற பிள்ளை மாதிரி கூடவே சொன்னாள். இரண்டாவது தடவை சரியாக வந்தது. மூன்றாவது தடவை, பாதிப் பெயருக்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை.